எஃப் தட்டில் வைத்த கூம்பு

நான் வேலை பார்த்த கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பேராசிரியர் போன வாரம் என் வீட்டுக்கே வந்துவிட்டார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கூம்பு தாங்கும் தாவரங்களைப் பற்றி ஓர் அறிமுகம் எழுதித் தர வேண்டுமாம். "இப்பல்லாம் திரையில படம் போட்டுக் காட்டிடுறோம்ணே. பைன் கூம்பு கையளவா தலையளவான்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. தொட்டுப் பாத்த ஆளு நீங்கதான்" என்றார். நான் வாத்தியார் இல்லை, லேப் அசிஸ்டென்ட், படிப்பு பத்தாம் வகுப்பு என்று சொல்லிப் பார்த்தேன். தெரிந்ததை எழுதுங்கள் போதும் என்று ஒரு குயர் வெள்ளைத்தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். இனி நான் என்ன எழுதினாலும் அவர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

முதலில் கேட்டதை எழுதிவிடுகிறேன். மாங்கொட்டை மாம்பழத்துக்குள் இருக்கிறது. புளியங்கொட்டை ஓட்டுக்குள் இருக்கிறது. பூக்கிற செடிகள் எல்லாம் விதையை இப்படி ஏதோ ஒன்றுக்குள் மூடித்தான் வைக்கும். பைன் அப்படி இல்லை. அதன் கூம்பில் ஓட்டுச்சில்லு அடுக்கியது போலச் செதில்கள் இருக்கும், ஒவ்வொரு செதிலின் மேலும் இரண்டு விதை மூடாமல் கிடக்கும். மூடாத விதை உள்ள கூட்டத்தில் பைன், சைப்ரஸ், தூஜா இவையெல்லாம் ஊசி போலவோ செதில் போலவோ இலை விடுகிறவை. அதே கூட்டத்தில் சைகஸ் உண்டு. ஈச்சமரம் போல இருக்கும். அதன் ஓலையைத்தான் கல்யாண மண்டப வாசலில் கட்டுகிறார்கள். நீட்டம் என்று ஒரு கொடியும் உண்டு, அது பார்வைக்குச் சாதாரணக் கொடிதான். ஆக, இலையைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது, விதையைப் பார்க்க வேண்டும். நான் அறிமுகமாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

திண்டுக்கல் வெயிலில் உட்கார்ந்து ஊசியிலை மரம் படிப்பது ஒரு வேடிக்கை. வேம்பும் புளியும் தாங்குகிற வெயிலைப் பைன் தாங்காது. பாடத்திட்டம் போடுகிறவர்கள் எங்களிடம் வெயிலைக் கேட்டுக்கொண்டா போடுகிறார்கள்? செய்முறைத் தேர்வுக்குப் பைன் வேண்டும் என்றால் நான் கொடைக்கானல் பஸ் ஏற வேண்டும். பெண் கூம்பு தரையிலேயே கிடக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். ஆண் கூம்புதான் பாடாய்ப் படுத்தும். சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். நாள் தப்பினால் மஞ்சள் பொடியைக் கொட்டிவிட்டுச் சருகாகிவிடும். பொடி கொட்டும் முன்பே பறித்து, அங்கேயே பாட்டிலில் போட்டுவிடுவேன். ஆல்கஹாலில் ஃபார்மலினும் அசிட்டிக் ஆசிட்டும் கலந்த அந்தத் தண்ணீரின் நெடி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையை எப்போதும் காலியாகவே வைத்திருந்தது.

மலையில் பாதி மூடிக் கிடக்கும் கூம்பு நம் ஊர் வெயிலுக்கு வந்ததும் விரியும். பையைத் திறந்தால் விதை எல்லாம் அடியில் கொட்டிக் கிடக்கும். அதே கூம்பை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் செத்த நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். செத்த கட்டைதான், ஆனாலும் ஈரம் பட்டால் சுருங்கும், காய்ந்தால் விரியும். இதை வாளியோடு வகுப்பில் வைத்துக் காட்டினால் கடைசி பெஞ்சுகூட எழுந்து வரும். திரையில் வராது.

சைகஸுக்கு மலை ஏற வேண்டாம். பேகம்பூரில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் ஆண் மரம் ஒன்று நின்றது. வீட்டுக்காரர் ஒரு பாய், துணி வியாபாரி. கூம்பு விட்டதும் ஆள் அனுப்பிவிடுவார்.

"அந்தோணி, உங்க பூ வந்திருச்சுப்பா. நாத்தம் தாங்கல, வீட்ல எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் திரியிறோம். சட்டுனு வந்து வெட்டிட்டுப் போயிரு."

"அது பூ இல்ல பாய். கூம்பு."

"எதுவா வேணா இருக்கட்டும், எடுத்துட்டுப் போ."

வேலையில் சேர்ந்த முதல் மூன்று வருஷம் இப்படி மரம் தேடவும், கண்ணாடி ஜாடி கழுவவும், பிளேடு பிடிக்கவும் போய்விட்டது. இலையை அப்படியே வெட்ட முடியாது. கேரட்டைக் கீறி நடுவில் பைன் ஊசியைச் செருகி, தண்ணீர் தொட்ட பிளேடால் சீவ வேண்டும். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிசாக வருகிற வில்லையைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் சாயத்தில் நனைத்து, கிளிசரின் சொட்டு வைத்து, காற்றுக்குமிழ் விழாமல் கண்ணாடியை மூட வேண்டும். கொடைக்கானல் பைனில் மூன்று ஊசி ஒரு கட்டாக இருக்கும். அதனால் ஒரு ஊசியின் வெட்டு முக்கோணமாகத் தெரியும். முக்கோணம் தெரியாவிட்டால் வில்லை தடிமன் என்று அர்த்தம். மறுபடி சீவ வேண்டும்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ரெஜினா மேடத்திடம். துறைத் தலைவி. குரல் உயர்த்தியே பேசமாட்டார். திட்டுவதற்குப் பதில் ஒரு கேள்வி வைத்திருந்தார். "பாத்தியா, நெனச்சியா?" ஜாடியில் தண்ணீர் குறையவில்லை என்று சொன்னால் அந்தக் கேள்வி வரும். மைக்ராஸ்கோப் சரியாக இருக்கிறது என்றாலும் வரும். பத்துக்கு எட்டுத் தடவை நான் நினைத்துத்தான் சொல்லியிருப்பேன், அது அவருக்குத் தெரியும். ஒரு கிறிஸ்துமஸுக்கு விடுதிப் பிள்ளைகள் குடில் ஜோடிக்க எங்கள் பைன் கூம்புகளை இரவல் வாங்கிப் போய் வெள்ளிப் பெயின்ட் அடித்துத் திருப்பித் தந்தார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மேடம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செதிலு தெரியுதுல்ல? அப்பப் பரவாயில்ல. வேஷம் போட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்கட்டும்" என்றார். அந்த வருஷத் தேர்வில் வெள்ளிக் கூம்பைத்தான் வைத்தோம்.

தேர்வு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏ முதல் ஜே வரை பத்துத் தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், அதை ஸ்பாட்டர் என்போம். மாணவர் தட்டின் முன் நின்று அது என்ன, எந்தக் குடும்பம், எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுத வேண்டும். தட்டுக்கு நான்கு மார்க். இரண்டு நிமிடத்துக்கு ஒரு மணி. அடித்தால் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். கையால் தொடக் கூடாது. மணி அடிப்பதும் நான், தட்டில் பொருள் வைப்பதும் நான். விடைப் பட்டியலை மேடம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். பட்டியலைப் பார்க்காமல் முதலில் தட்டைத்தான் பார்ப்பார், பிறகுதான் பட்டியலை எடுப்பார். பல்கலைக்கழகம் அனுப்பும் வெளித்தேர்வாளர் வந்து அன்றைக்கே திருத்தி, மார்க்குத் தாளை அரக்கு வைத்து மூடி எடுத்துப் போவார்.

பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை. அகரத்துப் பக்கம் தோட்டம். விடிகாலையில் பூப்பறித்துக் கொடுத்துவிட்டு அதே கையோடு பஸ் ஏறி வரும். கெட்டிக்காரி, ஆனால் பிளேடு பிடித்தால் கை நடுங்கும். கடைசி வருஷத் தேர்வுக்கு நாலு நாள் முன்பு என்னிடம் பழைய பிளேடு கேட்டு வாங்கிப் போய், வீட்டில் கேரட் சீவிப் பழகியது.

"இதுல பாஸாயிட்டா பி.எட். சேத்து விடுறேன்னு அப்பா சொல்லியிருக்காருண்ணே. ஒரு பேப்பர் நின்னாலும் படிச்சது போதும்ட்டாரு. எனக்கு டீச்சராகணும்" என்றது.

"பிளேட அழுத்தாத. இழு. அம்புட்டுதான்" என்றேன்.

தேர்வன்று காலையில் வெளித்தேர்வாளர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். நான் இருட்டு ஸ்டோர் அறையில் தூஜா கூம்பு டப்பாவைத் தேடினேன். தூஜா கூம்பு விரல்கணு அளவு இருக்கும், காய்ந்தால் பழுப்பு மரக்கட்டை போல ஆகும். பக்கத்து அலமாரியில் சவுக்குக் காய் டப்பா. அதுவும் அதே அளவு, அதே பழுப்பு. சவுக்குக்கு ஊசி இலை போலவும் கூம்பு போலவும் இருக்கும், ஆனால் அது பூக்கிற மரம். ஊசி என்று நாம் நினைப்பது கணுக்கணுவாக உள்ள குச்சி. கூம்பு என்று நினைப்பது காய்த்தொகுதி. பிள்ளைகள் ஏமாறக் கூடாது என்று வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காகவே அதை வாங்கி வைத்திருந்தோம். கடைசியில் ஏமாந்தது நான். டப்பாக்களின் சீட்டைப் பூச்சி அரித்திருந்தது. கைக்கு வந்த டப்பாவிலிருந்து மூன்றை எடுத்து எஃப் தட்டில் வைத்து, பட்டியலில் 'தூஜா, பெண் கூம்பு' என்று எழுதினேன்.

அன்றைக்கென்று மேடமும் வெளித்தேர்வாளரோடு பேசிக்கொண்டே வந்தார். தட்டைப் பார்ப்பதற்கு முன் பட்டியலை வாங்கிவிட்டார். பட்டியலைப் படித்துவிட்டுத் தட்டைப் பார்த்தால் பட்டியலில் உள்ளதுதான் தட்டில் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இருபத்து நான்கு பேர். மணி அடித்துக்கொண்டே இருந்தேன். பாண்டீஸ்வரி எஃப் தட்டுக்கு வந்தபோது அதன் இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது; வில்லை சீவும்போது வெட்டிக்கொண்டது. தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. சட்டென்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டது.

"அண்ணே, இது எங்க தோட்டத்துக் காயிண்ணே. வெந்நிக்கு அடுப்புல போடுவோம்" என்றது மெதுவாக.

"கையை எடு. பேசாம எழுது" என்றேன்.

அது எழுதியது. நான் மணி அடித்தேன். அது நகர்ந்ததும் எஃப் தட்டைக் குனிந்து பார்த்தேன். தூஜாவில் செதில் ஆறோ எட்டோதான், நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். இதில் சின்னச் சின்ன அலகுகள் வாய் திறந்தது போல வரிசை வரிசையாக இருந்தன. சவுக்கேதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த மாதம்தான் நிர்வாகத்தின் மேசைக்குப் போயிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். எல்லாரும் தூஜா என்றுதான் எழுதப் போகிறார்கள், அதைத்தான் படித்திருக்கிறார்கள், யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு நாலு மார்க்குத்தானே போகும் என்றும் நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு மார்க்குகளைக் கூட்டினார்கள். மேடம் எண்ணை வாசிக்க, வெளித்தேர்வாளர் எழுத, நான் மெழுகுவர்த்தியும் அரக்குமாக நின்றேன்.

"பதினேழாம் நம்பர் பாஸுக்கு ரெண்டு மார்க் கொறஞ்சு நிக்குது மேடம்" என்றார் வெளித்தேர்வாளர். "செக்‌ஷன் சரியா வரலை, தடிமனா இருக்கு. ஸ்பாட்டர்ல எஃப்பையும் விட்டிருக்கு. சவுக்கு, பூக்கும் தாவரம்னு எழுதியிருக்கு பாருங்க." சிரித்தார்.

மேடமும் தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லாப் படிக்கிற பொண்ணு. இந்தக் கொழப்பம் வருசா வருசம் யாருக்காச்சும் வருது" என்றார் வருத்தமாக.

பதினேழாம் நம்பர் யாரென்று எனக்குத் தெரியும். கையிலிருந்த அரக்கை மேசையில் வைத்தேன்.

"மேடம், எஃப் சவுக்குதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன் மேடம்."

"எப்ப?"

"காலையில. அந்தப் புள்ள எழுதுனப்பவே."

மேடம் எழுந்து போய் எஃப் தட்டை எடுத்து வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். பிளேடு கேட்டார், கொடுத்தேன். ஒன்றைப் பிளந்து, உள்ளே மூடிக் கிடந்த சிறகு வைத்த காயை ஊசியால் வெளியே எடுத்துத் தாளில் வைத்தார். அவர் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததில்லை.

வெளித்தேர்வாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "மேடம், இருபத்து மூணு பேரு தூஜான்னு எழுதியிருக்காங்க. விடையை மாத்தினா அத்தனை பேருக்கும் நாலு போகும். அதுல மூணு பேரு விழுந்துடுவாங்க. ஒருத்திக்காக எல்லாத்தையும் கலைக்கணுமா? சாமான் வச்ச ஆளு ஏதோ சொல்றாருன்னு விட்டுட்டுப் போவோம்."

"தப்பு பிள்ளைக மேல இல்ல சார். நம்ம தட்டுல இருக்கு" என்றார் மேடம்.

"அப்ப எனக்கு எழுத்துல வேணும். யார் வச்சது, எப்ப தெரிஞ்சது, எல்லாம். அது இருந்தா அந்த ஸ்பாட்டரை ரத்து பண்ணி எல்லாருக்கும் நாலு போட்டுர்றேன். இல்லைன்னா நான் கை வைக்க மாட்டேன்."

அவர் கேட்டது நியாயம்தான். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். மேடம் என் முன் ஒரு தாளை வைத்தார். என் ஃபைல் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், அதை அனுப்பி வைத்ததே அவர்தான்.

"நடந்ததை எழுது அந்தோணி. காலையிலயே தெரியும்கிறதையும் எழுது. எழுத வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிரு, நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

எழுதினேன். ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒன்ன விட்டுட்ட. சரியா எழுதுனது யாருன்னு எழுது."

"தட்டில் இருந்தது சவுக்குக் காய் என்று சரியாக எழுதியவர் பதினேழாம் எண் மட்டுமே" என்று சேர்த்தேன். அதன் கீழே மேடம் தன் பேனாவால், "தட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டது நான். நானும் கவனிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் அதைக் கேட்கவில்லை. வெளித்தேர்வாளர் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார், ஒன்று கல்லூரி அலுவலகத்துக்குப் போனது. எல்லாருக்கும் எஃப் தட்டுக்கு நான்கு போட்டார். அரக்கு வைத்து முடிக்கும்போது அவருடைய பஸ் போய்விட்டது. அதற்காக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. மேடத்துக்கும் எழுத்தில் கண்டிப்பு வந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கையில், அவருடைய பணிக்காலத்தில் அது ஒன்றுதான். எங்கள் துறையில் அதன் பிறகு தட்டு வைப்பது ஒருவர், பட்டியல் எழுதுவது வேறொருவர் என்று முறை மாறியது. அது இன்றைக்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ரிசல்ட் வந்து பாண்டீஸ்வரி பாஸ். பாக்கி ஏதும் இல்லை என்று லேபில் கையெழுத்து வாங்க வந்தது. பி.எட். இடம் கிடைத்துவிட்டதாம். நான் கையெழுத்துப் போடாமல் முதலில் நடந்ததைச் சொன்னேன். அது சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டு நின்றது. கோபப்படும் என்று நினைத்தேன்.

"அப்ப எல்லாத்துக்கும் நாலாண்ணே?"

"ஆமாத்தா."

"தூஜான்னு எழுதுனவுகளுக்குமா?"

"அவங்களுக்கும்தான்."

"வெளிய வந்து எல்லாரும் தூஜான்னு சொன்னதும் நான் வீட்ல போய் அழுதேண்ணே. நாம தெனம் அடுப்புல போடுறதே நமக்குத் தெரியாமப் போச்சேன்னு. அப்ப நான் எழுதுனது சரின்னு எங்கயுமே இல்லையா?"

"இருக்கு. என் பர்சனல் ஃபைல்ல இருக்கு. மெமோவோட சேத்து வச்சிருக்காங்க."

"நல்ல எடம் பாத்து வச்சீங்க" என்றது. சிரித்ததா, அழுததா என்று சொல்ல முடியாத முகம். கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது எங்கோ ஒரு பள்ளியில் டீச்சர் என்று கேள்வி.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் ஓய்வு பெற்றபோது, கணக்கு முடிக்க அலுவலகத்தில் என் ஃபைலை எடுத்தார்கள். கிளார்க் நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"என்னண்ணே இது, சவுக்குக் காயி, மெமோ? இம்புட்டு வருச சர்வீஸ்ல இது ஒன்னுதான் கரும்புள்ளி. ரொம்பப் பழசு, யாரும் கேக்கப் போறதில்ல. கெளம்புற நேரத்துல எதுக்கு? உருவிப் போட்டுரவா?"

"வேணாம்ப்பா. இருக்கட்டும்."

"உங்களுக்குத்தானண்ணே கெட்ட பேரு?"

"அதை உருவிட்டா அந்தப் புள்ள எழுதுனது தப்பாயிரும்" என்றேன்.